கோடு போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: வீடு வடிவமைக்க வரும் பிள்ளைகளுக்கு

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துகிறேன். வருகிற வேலையில் பாதிக்கு மேல் வீடுகள்தான். பல்லடம், பெருந்துறை, உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள் அதிகம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து வருடப் படிப்பில் ஜூரி (டிசைனை மதிப்பிடும் குழு) முன்னால் நின்று தங்கள் டிசைனுக்காக வாதாடப் பழகி வருகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை. ஆபீஸில் வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இன்டீரியர், விளம்பரம், துணி டிசைன் என்று இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கையை அடக்க வேண்டும். எதிரில் இருப்பவர் "ரெண்டு பெட்ரூம், ஒரு பூஜை ரூம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நம் பேனா நாலு சதுரம் போட்டுவிடுகிறது. கோடு விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்கிற ஒவ்வொன்றும் அந்தக் கோட்டுக்கு ஒத்துவருமா வராதா என்றுதான் நம் காதில் விழும். அவரும் படத்தைப் பார்த்துவிட்டால் தன் வீட்டு நடப்பைச் சொல்வதை நிறுத்திவிட்டு, படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆகவே முதல் சந்திப்பில் படம் வரையக் கூடாது என்பது எங்கள் ஆபீஸில் கண்டிப்பான விதி. நோட்டில் வார்த்தைகள் மட்டும்தான் இருக்கலாம். லேப்டாப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

சந்திப்பை ஆபீஸில் வைக்காதீர்கள். ஆபீஸுக்கு வருவது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர், அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். ஏசி அறையில் அவர்கள் பேசுவது, அவர்கள் எங்கேயோ பார்த்த வீட்டைப் பற்றித்தான் இருக்கும். அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு நீங்கள் போங்கள். தண்ணீர் கொடுப்பார்கள், அப்புறம் மோரோ டீயோ வரும். அவசரப்படாமல் குடியுங்கள். செருப்பு எந்த வாசலில் கிடக்கிறது, மருந்தடிக்கும் மெஷின் எங்கே சாத்தியிருக்கிறது, ஆசாரத்தில் (முன்கூடத்தில்) பாதி இடத்தை மஞ்சள் மூட்டை பிடித்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் எல்லாவற்றையும் ஒதுங்க வைத்துவிடுவார்கள். "நீங்க எப்பவும் இருக்கற மாதிரியே இருங்க, எதையும் எடுத்து வெக்க வேண்டாமுங்க" என்று போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நேற்றைக் கேளுங்கள்

"உங்களுக்கு என்ன வேணும்?" என்ற கேள்வியை நான் பிள்ளைகளைக் கேட்கவிடுவதில்லை. அதற்கு வருகிற பதில் பக்கத்து வீட்டில் இருப்பதாகவோ, போனில் பார்த்ததாகவோ இருக்கும். நேற்று என்ன நடந்தது என்று கேட்டால், பதில் அவர்களுடையதாக இருக்கும்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. மகன் அனுப்பியிருந்த படங்கள் எல்லாம் ஓப்பன் கிச்சன். அம்மாவிடம் கேட்டதற்கு, "பையன் சொல்றதே இருக்கட்டுங் கண்ணு, எனக்கு என்ன தெரியும்" என்றார். சரி என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லச் சொன்னோம். நாலரை மணிக்கு எழுந்து கட்டுத்தறிக்குப் போகிறார். பால் கறந்து, சொசைட்டி வண்டி வருவதற்குள் கேனை ரோட்டோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாணிக் காலும் ஈரச் சேலையுமாகப் பொடக்காணி (புழக்கடை) வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறார். குளிக்க வெந்நீர் இன்னமும் விறகடுப்பில். அப்புறம் தோட்டத்து ஆட்களுக்குச் சாப்பாடு. மதியம்தான் முதல்முறையாக உட்காருகிறார். அதுவும் ஹாலில் இல்லை, பின்வாசல் படியில். அங்கே உட்கார்ந்தால்தான் மாடு தெரியும்.

இதைக் கேட்ட பிறகு வரைந்த வீட்டில் மகன் கேட்ட ஓப்பன் கிச்சனும் இருந்தது. அதற்குப் பின்னால் கதவு வைத்த ஒரு வேலைச் சமையலறை, அதற்கும் வெளியே காலும் கேனும் கழுவ முழங்கால் உயரத்தில் குழாய் வைத்த ஒரு கல், பின் தாழ்வாரத்தில் கட்டுத்தறியைப் பார்த்தபடி 2 அடி அகலத்தில் ஒரு திண்ணை. அந்தத் திண்ணையை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. "திண்ணை வேணுங்களா" என்று நேராகக் கேட்டிருந்தால், "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்றுதான் பதில் வந்திருக்கும்.

எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் நிரந்தரமாகச் சில கேள்விகள் எழுதியிருக்கும். ஒறம்பரை (உறவினர்கள்) கடைசியாக எப்போது வந்தார்கள், எத்தனை பேர், ராத்திரி எங்கே படுத்தார்கள்? கடைசியாக வீட்டில் நடந்த சீருக்குப் பந்தல் எந்தப் பக்கம் போட்டீர்கள்? கரண்ட் போனால் எங்கே போய் உட்காருவீர்கள்? மழை வந்தால் முதலில் எந்த சன்னலைச் சாத்த ஓடுவீர்கள்? எல்லாமே நடந்ததைப் பற்றிய கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்ல ரசனையும் தேவையில்லை, கட்டடம் பற்றிய அறிவும் தேவையில்லை. அதனால் யாரும் கூச்சப்படுவதில்லை.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் இளையவர்களுக்குக் கஷ்டம். ஒரு சின்ன மௌனம் வந்ததும் பயந்துபோய் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள், அல்லது பதிலையும் தாங்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் விஷயத்துக்கு நேராக வர மாட்டார்கள். மழை, தேங்காய் விலை, போர்வெல் எத்தனை அடி போனது என்று சுற்றித்தான் வருவார்கள். அந்தச் சுற்றிலேயே நமக்கு வேண்டியது கிடக்கும். பல்லடம் பக்கத்தில் ஒருவர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், ஆயிரம் அடிக்கு மேல் ஓட்டியும் புகைதான் வந்தது என்று போர் போட்ட கதையையே சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அந்தக் கதையிலிருந்துதான் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் ஒரே பக்கம் இறக்கித் தரையடித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது முடிவானது. அந்த வீட்டின் கூரைச் சரிவே அதை வைத்துத்தான் அமைந்தது.

காற்றும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைப் பற்றிப் பொள்ளாச்சி, உடுமலைக்காரர்கள் குறை சொல்வதில்லை. அது அவர்களுக்குப் பழகிப்போனது. ஆனால் "ஆடியில கதவுக்கு ஒரு கல்லு வெச்சுக்குவோமுங்க" என்று பேச்சுவாக்கில் வரும். அந்தக் கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு, எந்தப் பக்கம் என்று போய்ப் பாருங்கள். கேட்டைத் திறந்த உடனே மேற்குப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடிக் கதவு வைக்க நினைத்திருந்தால் அந்தக் கல் உங்களைக் காப்பாற்றும்.

பழகிப்போன தொந்தரவை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டியே வீடு இருக்கும். சத்தத்தைப் பற்றிக் கேட்டால் "அது ஒண்ணும் தெரியாதுங்க" என்பார்கள். நீங்கள் விசைத்தறி ஓடுகிற நேரத்தில் போய் உட்காருங்கள். பேசும்போது அவர்கள் குரல் எவ்வளவு உயர்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். படுக்கையறை எந்தப் பக்கம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பேசாமல் இருப்பவர்

கூட்டுக் குடும்பத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் பேச மாட்டார். அவரைப் பார்த்து எல்லார் முன்னிலையிலும் "நீங்க சொல்லுங்க அக்கா" என்று கேட்பது அவரை இக்கட்டில் மாட்டிவிடுவதுதான். எங்கள் வழி இது: ஒருவர் ஆசாரத்தில் பெரியவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர், பெரும்பாலும் பெண், "சமையல் ரூமை அளந்துக்கலாமுங்களா" என்று டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். டேப்பின் ஒரு முனையை மருமகள் பிடித்துக்கொள்வார். அளக்கிற வேலை நடக்கும்போது பேச்சு தானாக வரும். அலமாரி எட்டவில்லை என்பது வரும், குழந்தையைத் தூங்க வைக்க இடமில்லை என்பது வரும். தனக்கென்று ஒரு மேசை வேண்டும், தையலோ கணக்கோ செய்ய வேண்டும் என்று சொன்ன பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசாரத்தில் அதை யாரும் சொன்னதில்லை.

பாட்டிகளிடம் தனியாகப் பேசுங்கள். படி எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் முழங்காலைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொல்லாது. 7 அங்குலப் படி அவருக்கு ஏற முடிகிறதா, 6 வேண்டுமா என்று இப்போதைய வீட்டுப் படியில் அவர் ஏறும்போது கூடவே ஏறிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் பைக்கர் பகுதியை மறுபடி கட்டும் பொறுப்பை 1960-களின் கடைசியில் ஆர்க்கிடெக்ட் ரால்ப் எர்ஸ்கின் ஏற்றார். அவருடைய குழு ஊருக்கு வெளியே ஆபீஸ் போடவில்லை. அந்தக் குடியிருப்புக்கு உள்ளேயே, முன்பு இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து தரும் கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தது. தெருவில் போகிறவர் கதவைத் திறந்து உள்ளே வரலாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீடு கட்டும் திட்டத்திலேயே அது முடிந்தது என்றால், ஒரு குடும்பத்துக்கு வீடு வரையும் நாம் நாலு தடவை அவர்கள் வீட்டுக்குப் போவது பெரிய காரியமில்லை.

வாஸ்து வந்தால்

வாதாடாதீர்கள். அறிவியல் வகுப்பு எடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள்: யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது? தாராபுரம் பக்கத்தில் ஒருவர், கன்னி மூலையில் தண்ணீர்த் தொட்டி வரவே கூடாது என்று நின்றார். தொட்டியை மாற்றுவது பெரிய விஷயமில்லை, மாற்றிவிட்டோம். அதோடு விடாமல், அவர் ஏன் அவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று கேட்டபோது அண்ணன் வீட்டுக் கதை வந்தது. அண்ணன் அந்த மூலையில் குழி தோண்டினார், வீடு முடிவதற்குள் கடன் ஏறியது, தோட்டத்தில் ஒரு பகுதி கைமாறியது. அவருக்கு இருந்த பயம் கடனைப் பற்றியது. அது தெரிந்த பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. முதலில் தரைத்தளம் மட்டும், மேலே எழுப்பத் தூண்களில் கம்பி விட்டுவைப்பது, மாடிப்படி வெளியிலிருந்து என்று வேலையை இரண்டாகப் பிரித்தோம். மூலையைப் பற்றி மட்டும் பேசித் தீர்த்திருந்தால் அவர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

எல்லா வாஸ்துப் பேச்சுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும் என்று சொல்லவில்லை. நம்பிக்கை நம்பிக்கையாகவே இருக்கலாம். அதற்கும் மரியாதை உண்டு.

சம்மதம் போலத் தெரிவது

படத்தைக் காட்டும் சந்திப்பில்தான் காது மிகவும் கூர்மையாக இருக்க வேண்டும். கொங்கு நாட்டு மரியாதை, படித்துவிட்டு வந்த பெண்ணையோ பையனையோ முகத்துக்கு நேராக மறுத்துப் பேச விடாது. "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். "பாத்துக்கலாமுங்க" என்பார்கள். கணவன் மனைவியைப் பார்ப்பார், மனைவி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பேச்சு திடீரென்று மச்சான் வீட்டுக்கு மாறும். மச்சான் வீட்டில் ஹால் பெரிதாக இருக்கும் என்று சொல்கிறார்கள் என்றால், உங்கள் ஹால் சின்னது.

"பிடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். "இதில் ஒண்ணை எடுத்துடணும்னா எதை எடுப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அல்லது இரண்டு படங்களை வைத்துவிட்டு எது என்று கேளுங்கள். ஒன்றை வேண்டாம் என்று சொல்வது அப்போது மரியாதைக் குறைவாகத் தோன்றாது. படத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வந்து, சில நாள் கழித்து, அன்றைக்குப் பேசாமல் இருந்தவருக்குப் போன் செய்யுங்கள்.

இன்னும் நல்ல வழி சுண்ணாம்பு. பிளானைப் படித்து அறையை மனக்கண்ணில் பார்ப்பது பழக்கத்தில் வருவது. பழக்கமில்லாதவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இடத்துக்குப் போய், கயிறு கட்டி, முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். குடும்பம் மொத்தமும் அதற்குள் நடக்கட்டும். "இங்க கட்டலைப் போட்டா பீரோ எங்கீங்க வெக்கறது?" என்று பாட்டி கேட்பார். பையன் கோட்டுக்கு நடுவில் நின்று கையை விரித்துப் பார்ப்பான். பொழுதோட (சாயங்காலம்) போனால் வெயில் எங்கிருந்து விழுகிறது என்பதும் தெரியும். நோட்டோடு ஓரமாக நின்று, சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டிருங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினீர்கள் என்றால் அவர்கள் நடப்பதை நிறுத்திவிடுவார்கள். இந்த ஒரு மணி நேரம், ஆபீஸில் நடக்கும் பல மணி நேரப் பேச்சைவிட அதிகம் சொல்லித் தரும். சுவர் எழும்பிய பிறகு இடிக்கிற செலவையும் மிச்சப்படுத்தும்.

தளத்தில்

வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கி "மேஸ்திரி, எல்லாம் ஓகேயா?" என்று கேட்பவரிடம் எந்த மேஸ்திரியும் உண்மையைச் சொல்ல மாட்டார். இறங்குங்கள், படியேறுங்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

படத்தில் தப்பு இருக்கிறது என்று மேஸ்திரி சொல்ல மாட்டார். "போட்டர்லாமுங்க மேடம்" என்பார். அதற்குப் பிறகு ஒரு "ஆனா" வரும், அல்லது வராமல் தொண்டையிலேயே நிற்கும். அந்த இடத்தில் நில்லுங்கள். "போன சைட்டில் இதே வேலையை எப்படிச் செஞ்சீங்க அண்ணா?" என்று கேளுங்கள். தன் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் தாராளமாகப் பேசுவார். ஆலாந்துறைப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு வீடு. மேற்குச் சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட வேண்டும் என்பது படம். மேஸ்திரி சுவரைத் தடவியபடி "செஞ்சுடலாமுங்க" என்றார். போன சைட்டைக் கேட்டதும், அந்த அடிவாரத்தில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும், சன்ஷேடின் அடிப்பக்கமாகத் தண்ணீர் ஓடி வந்து சுவரில் இறங்கும், சன்ஷேடின் அடியில் ஒரு காடி (சின்னப் பள்ளக் கோடு) விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்துவிடும் என்று கையால் வரைந்து காட்டினார். சன்ஷேடை அரை அடி நீட்டி, காடியும் விட்டோம். செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது.

இப்போது நம் தளங்களில் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் பேசுவது நடுவில் ஒருவர் வழியாகத்தான். நடுவில் இருப்பவர் சுருக்கிவிடுவார். அதனால் "புரிஞ்சுதான்னு கேளுங்க" என்பதோடு நிறுத்தாமல், செய்யப் போவதைக் கையால் காட்டச் சொல்லுங்கள், அல்லது ஒரு அடி நீளத்துக்கு மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் பெரிய ஆபீஸ் எதுவும் வைத்துக்கொள்ளாமல் கொத்தனார்களோடு தளத்திலேயே நின்று பல முடிவுகளை எடுத்தார் என்பது திருவனந்தபுரத்தில் இருக்கும் அவருடைய வீடுகளைப் பார்த்தாலே தெரியும். கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே போகிற பிள்ளைகள் ஜாலி (இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர்) வேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் செங்கலை அடுக்கியவரோடு அவர் நின்று பேசிய நேரத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தளத்தில் கேட்டதையும் சொன்னதையும் அன்றைக்கே எழுதுங்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. காரணம் கான்சாஸ் சிட்டி. அமெரிக்காவில் அந்த ஊரின் ஹையாட் ரீஜன்சி ஹோட்டலில், 1981 ஜூலை 17 அன்று, ஹாலுக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல்பாலத்தையும் அதற்கு நேர் கீழே இருந்த பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் முதலில் இருந்தது. அதைச் செய்வது கடினம் என்று இரும்பு வேலைக்காரர்கள் தரப்பில் இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் கீழ்ப்பாலத்தின் எடை மேல்பாலத்தின் உத்தரத்திலேயே தொங்கியது. அந்த இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. மாறிய படம் பொறியாளர் மேசைக்கு வந்து, முத்திரையோடு திரும்பிப் போனது. புதிய இணைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. பின்னால் விசாரணையில், போனில் கேட்டுத்தான் மாற்றினோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஒரு போனே வரவில்லை என்றது மறு தரப்பு. "இப்படி மாத்திக்கலாமா?" என்று ஒருவர் கேட்கும்போது அவர் எதை மாற்றுகிறார், அதனால் பாரம் எங்கே போகிறது என்று முழுவதும் கேட்காமல் "சரி, பண்ணுங்க" என்று சொல்லக் கூடாது. யார் கேட்டார், யார் சொன்னார், என்ன தேதி என்று சைட் குரூப்பில் அன்று பொழுதோடவே போட்டுவிட வேண்டும். சென்ட்ரிங் அடித்த பிறகு தலையாட்டுவது எளிது. அந்தத் தலையாட்டலுக்குத்தான் நாம் பொறுப்பு.

ஆபீஸுக்குள்

வெளியே பொறுமையாகக் கேட்பவர்கள்கூட ஆபீஸுக்குள் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. ஜூனியர் ஒருவர் படத்தை விரிக்கிறார். சீனியர் சிவப்புப் பேனாவோடு குனிகிறார். அவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் மாடிப்படி இடம் மாறிவிடுகிறது. அடுத்த வாரம் அந்த ஜூனியர் சீனியருக்குப் பிடித்ததை வரைந்து கொண்டுவருவார். அதோடு அவர் யோசிப்பது நின்றுபோகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் தளத்தில் அதிக நேரம் நிற்பவரும், பாட்டியின் பேச்சைக் கேட்டவரும் அந்த ஜூனியர்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1951-ல் ஒரு உரையில் ஒரு பயிற்சியைச் சொன்னார். வாக்குவாதம் வந்தால், ஒருவர் தன் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், எதிராளி சொன்னதை அந்த எதிராளியே ஒப்புக்கொள்கிற அளவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவருடைய முறை. எங்கள் ஆபீஸில் படம் பார்க்கும்போது இதைத்தான் செய்கிறோம். குறை சொல்ல விரும்புகிறவர் முதலில் "இந்தப் படத்தில் நீ கட்டுத்தறியைப் பார்க்கிற மாதிரி பின்பக்கத்தை முன்பக்கமாக யோசிச்சிருக்க, அதனால் ரோட்டுப் பக்கம் சுவர் மூடியிருக்கு, சரியா?" என்று சொல்ல வேண்டும். வரைந்தவர் "ஆமா" என்றால் மேலே போகலாம். "இல்லை, ரோட்டுப் பக்கம் மேற்கு, அதனால் மூடினேன்" என்றால் மறுபடி சொல்ல வேண்டும். பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடுகிறது. படம் விரித்த முதல் ஐந்து நிமிஷம் யாரும் பேனாவை எடுக்கக் கூடாது. பேசுவது வயதில் சின்னவரிலிருந்து தொடங்க வேண்டும்; நான் கடைசியில்தான். நான் முதலில் பேசினால் மற்றவர்கள் எல்லாரும் எனக்கு ஒத்தூதிவிடுவார்கள்.

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தோழி ஒருத்தி ஒரு நல்ல பழக்கத்தைக் காட்டினாள். சாம்பிள் போய், துணி வாங்குகிற பையரிடமிருந்து கமென்ட் வந்தால், ஒவ்வொரு வரிக்கும் எதிரில் என்ன செய்தோம் என்று எழுதாமல் அடுத்த சாம்பிள் வெளியே போகாது. கழுத்து கால் இஞ்ச் இறக்கம் என்றால், இறக்கினோமா, முடியவில்லையா, ஏன் என்று பேட்டர்ன் மாஸ்டரைக் கேட்டு எழுத வேண்டும். "நோட் பண்ணிக்கிட்டோம்" என்று எழுதினால் செல்லாது. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் சொன்னது ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பதில். முடியாது என்பதும் பதில்தான். தூணை எடுக்கச் சொன்னால் முடியாது; பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தை மூடி அறை போடச் சொன்னால் செய்வதில்லை. முழுவதும் கேட்ட பிறகு காரணத்தோடு சொல்லுகிற மறுப்பை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். கோபம் வருவது, தாங்கள் சொன்னது காற்றில் போனது என்று தெரியும்போதுதான்.

நோட்டும் வாய்ஸ் நோட்டும்

நோட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அவர்கள் சொன்னது, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே. "பொடக்காணி" என்று சொன்னால் பொடக்காணி என்றே எழுதுங்கள், யுட்டிலிட்டி என்று மாற்றாதீர்கள். யுட்டிலிட்டி என்று எழுதினால் 5 அடிக்கு 6 அடியில் ஒரு வாஷிங் மெஷின் அறைதான் படத்தில் வரும். அவர் சொன்னது வேப்பமரமும் துவைக்கிற கல்லும் வெயிலும் உள்ள இடம். வலது பக்கம் உங்களுக்குத் தோன்றுவது. ஆபீஸ் திரும்பும் வரை அது காலியாகவே இருக்க வேண்டும். கிளம்பும் முன் இடது பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டி, "எது விட்டுப்போச்சுங்க?" என்று கேளுங்கள். முக்கியமானது பெரும்பாலும் அப்போதுதான், வாசலில் நிற்கும்போது வரும். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வாய்ஸ் நோட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவது இப்போது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளருடையதை அப்படிக் கேட்காதீர்கள். எங்கே தயங்குகிறார், பின்னாலிருந்து யார் எடுத்துக் கொடுக்கிறார் என்பது வேகத்தில் காணாமல் போய்விடும். பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கும் ஒரு முறை போன் செய்யுங்கள்.

குடிபோன பிறகு

பால் காய்ச்சி வருஷம் ஒன்று ஆனதும் அந்த வீட்டுக்குப் போங்கள். ஒரு ஆடிக் காற்றும் ஒரு ஐப்பசி மழையும் ஒரு பொங்கலும் அந்த வீட்டில் கழிந்திருக்க வேண்டும். "வீடு எப்படி இருக்குதுங்க?" என்றால் "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றுதான் சொல்வார்கள். "எதையெல்லாம் மாத்திக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். மேற்கு சன்னலில் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள், கிரில்லில் துணிக்கொடி ஓடும், நாம் படிக்கும் அறை என்று வரைந்த இடத்தில் தேங்காய் கிடக்கும். அளவெடுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் எத்தனை அடி, கொடி எந்த உயரம், மூட்டை எத்தனை. யார் கட்டினார், எந்த மாதத்தில் கட்டினார் என்றும் கேளுங்கள். இதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. போகிற வழியில் இருக்கிற வேறு சைட்டோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காடி விட்ட சன்ஷேடு வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கும் ஆசை இருக்கும்.